நம் ஊரில் வசந்தம் உண்டா? பங்குனி, சித்திரையில் வீட்டோடு சேர்ந்து என்ன செய்கிறீர்கள்?

வாசகர் கேள்வி, 20 மார்ச் 2025

வசந்த காலத்தில் குடும்பமாகச் செய்ய என்ன இருக்கிறது என்று தேடினால் பூங்கா, பூக்கண்காட்சி, மலை வாசஸ்தலம் என்றுதான் வருகிறது. நம் பக்கம் வசந்தம் என்று ஒன்று இருக்கிறதா? மாசி முடிந்தால் நேரே வெயில். பிள்ளைகள் ஏசி அறையில் போனோடு கிடக்கிறார்கள். மதுரைப் பக்கம் யாராவது வேறு ஏதாவது செய்கிறீர்களா?

20 மார்ச் 2025, இரவு

உண்டு. நாளைக் காலை தெருவில் நடந்து பாருங்கள். வேம்பு பழைய இலையைக் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர் விட்டிருக்கும். புங்கை எண்ணெய் தேய்த்தது மாதிரி பளபளக்கும். ஒரு சொட்டு மழை இல்லாமல் மரங்கள் தளிர்க்கிற காலம் இது. விடிவதற்கு முன்பே குயில் கத்த ஆரம்பித்துவிட்டது. பங்குனியும் சித்திரையும்தான் நம் இளவேனில்.

மதுரையில் வசந்தத்துக்கு என்றே ஒரு மண்டபம் கட்டி வைத்திருக்கிறார்கள். மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்துக்கு வசந்த மண்டபம் என்றும் பெயர். சாமிக்கு வெக்கை தெரியக் கூடாது என்று சுற்றிலும் தண்ணீர் நிற்க வழிசெய்து கட்டியது.

எங்கள் வீட்டில் செய்வது கூழ் வத்தல். ஞாயிற்றுக்கிழமை போடப் போகிறோம். போட்டுவிட்டு எழுதுகிறேன்.

21 மார்ச் 2025

மாதக் கணக்கைத் தப்பாக எழுதிவிட்டேன். ஒரு ஆசிரியர் திருத்தியிருக்கிறார், அவர் சொன்னதுதான் சரி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். புது மண்டபத்து வசந்த விழாவும் வைகாசியில்தான். வேம்பும் குயிலும் பங்குனியிலேயே தொடங்கிவிடுவதால் நானும் அப்படியே எண்ணிக்கொண்டேன்.

23 மார்ச் 2025, ஞாயிறு மதியம்

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், ஏனென்றால் நினைத்தபடி நடக்கவில்லை.

பச்சரிசி ஒரு கிலோ நேற்றே ஊறவைத்து அரைத்தாயிற்று. ஜவ்வரிசி கால் கிலோ தனியாக ஊறியது. காலை ஐந்தரைக்கு அடுப்பு மூட்டினோம். தண்ணீர் கொதித்ததும் மாவை ஊற்றிக் கைவிடாமல் கிண்ட வேண்டும், நிறுத்தினால் அடி பிடித்துவிடும். வீட்டுக்காரர் கிண்டினார். மாவு வெந்து கண்ணாடி மாதிரி ஆகிறபோது கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்த்தால் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். பச்சை மிளகாயும் உப்பும் அரைத்த விழுது, சீரகம், பெருங்காயம் சேர்த்து, இறக்கிச் சூடு தணிந்த பிறகு எலுமிச்சைச் சாறு.

உப்பு போடும்போது அத்தை (என் மாமியார்) அடுப்படியில் நின்றார்கள். "கொறச்சுப் போடு ஆத்தா, காஞ்சா ஏறிக்கிரும்." கூழில் சரியாக இருக்கிற உப்பு, காய்ந்த வத்தலில் கரிக்கும். கூழைத் தின்றால் கொஞ்சம் சப்பென்று இருக்க வேண்டும்.

போன வருஷம் வரை மாடியில் உட்கார்ந்து எல்லோரையும் வேலை வாங்கியது அத்தைதான். இந்த வருஷம் முட்டி வலி. மொட்டை மாடிக்குப் பதினேழு படி, ஏற முடியவில்லை. பெரியவன் (எட்டாவது படிக்கிறான்) முதல் ஈடு பிழிந்ததும் ஒரு தட்டில் வைத்துக் கீழே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தான். "ரொம்ப கனமா இருக்காம், உள்ள காயாதாம்." அச்சை மாற்றினோம். மறுபடி கொண்டுபோனான். "இது சரியாம்." இப்படியே ஏறி இறங்கினான்.

சின்னவள் மூன்றாவது படிக்கிறாள். வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து நாலு மூலையிலும் கல் வைப்பது அவள் பொறுப்பு. பிழிந்ததைவிட அவள் வாய்க்குள் போன கூழ் கூடுதல். நான் தடுக்கவில்லை. கூழ் சூட்டோடு நல்லெண்ணெய் விட்டுத் தின்றால் அதற்கு ஈடு இல்லை.

எட்டரைக்குள் பிழிந்து முடித்துவிட வேண்டும். எங்களுக்கு ஒன்பதரை ஆனது, கால் சுட்டது. கடைசி ஈடு பிழிகிற உரலிலேயே இறுகிக் கொஞ்சம் வீணாகிவிட்டது.

23 மார்ச் 2025, இரவு

மதியம் எழுதும்போது இதைச் சொல்லவில்லை, அப்போது நடந்திருக்கவும் இல்லை.

வத்தல் போட்டால் காக்கையை விரட்ட ஒரு ஆள் வேண்டும். கறுப்புக் குடையை விரித்து வைத்தோம். ஓரத்தில் காய்ந்த மிளகாயும் வைத்தோம், அத்தை சொன்னால் வைப்போம். இருந்தாலும் ஆள் இல்லாவிட்டால் காக்கை வந்துவிடும். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்திருந்தேன். போனை மாடிக்குக் கொண்டுவரக் கூடாது என்பது நான் போட்ட சட்டம்.

மூன்று மணிக்குப் பெரியவனுடைய முறை. மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச ஒன்றும் இல்லை. காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பதினைந்து நிமிஷம் போயிருக்கும். அவனாகவே சொன்னான்: "பொங்கலுக்கு அப்புறம் நான் தனியாத்தான்ம்மா சாப்பிடுறேன்." அவனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து இருக்கிற பையனை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இவன் வகுப்பில் எல்லோரும் ஏற்கெனவே கூட்டுக் கூட்டாக உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் சாப்பாட்டு டப்பா காலியாகத்தான் வந்திருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

தினமும் சாயங்காலம் "ஸ்கூல் எப்படிப் போச்சு" என்று கேட்கிறவள்தான் நான். "நல்லாப் போச்சு" என்பான். நான் அடுப்பைப் பார்ப்பேன்.

என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. நடுவில் ஒரு காக்கை இறங்கியது, இரண்டு பேரும் எழுந்து ஓடினோம். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு இன்னும் கொஞ்சம் சொன்னான். அதை இங்கே எழுத வேண்டாம்.

25 மார்ச் 2025

அளவு கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். பிழிகிற வத்தலுக்கு ஒரு பங்கு மாவுக்கு மூன்று பங்கு தண்ணீர். கரண்டியால் ஊற்றுகிற வத்தல் வேறு, அதற்கு ஆறேழு பங்கு தண்ணீர் விட்டுக் கஞ்சி மாதிரி எடுக்க வேண்டும். இரண்டையும் குழப்பினால் பிழிந்தது வழியும், அல்லது ஊற்றியது வெடிக்கும்.

துணியிலிருந்து எடுக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு: முதல் நாள் வெயில் ஆனதும் துணியைக் கவிழ்த்துப் பின்பக்கம் தண்ணீர் தெளியுங்கள். ஐந்து நிமிஷத்தில் கழன்று வரும். அப்புறம் தட்டில் போட்டு இன்னும் இரண்டு நாள். ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை.

மாடி இல்லாதவர்கள் மோர் மிளகாய் போடலாம், பால்கனியில் ஒரு தாம்பாளம் வைக்க இடம் இருந்தால் போதும். மிளகாயைக் கீறி உப்பு போட்ட தயிரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் மிளகாயை மட்டும் எடுத்துக் காயவைத்து, சாயங்காலம் அதே தயிரில் திரும்பப் போடுங்கள். தயிர் தீரும் வரை நாலைந்து நாள் இப்படியே. எடுப்பதைப் பிள்ளைகளிடம் விட்டால் கையைக் கண்ணில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

29 மார்ச் 2025

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் வீட்டில் இதை ஆரம்பித்தால் நானும் மாமியாரும் அடுப்படியில் வேகுவோம், மற்றவர்கள் கூழ் தின்றுவிட்டுப் போவார்கள். இதற்குக் குடும்ப நேரம் என்று பெயரா?"

இரண்டு நாளாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. கல்யாணமாகி வந்து பல வருஷம் வத்தல் என்றால் எனக்கு முதுகு வலி ஞாபகம்தான் வரும். மாறியது ஒரு விபத்தால். 2021இல் எனக்குக் கையில் எலும்பு முறிந்து கட்டு போட்டிருந்தேன். அத்தை வீட்டுக்காரரைக் கூப்பிட்டு "நீ கிண்டு" என்றார்கள். ஒரு அண்டாக் கூழைக் கிண்டுவது எவ்வளவு பலம் வேண்டிய வேலை என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது: கூழ் கிண்டுவது, உரல் அழுத்துவது இரண்டையும் ஆம்பளைகளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அடி பிடித்தால் பிடிக்கட்டும். அளவையும் குறையுங்கள். ஒரு கிலோ கூட வேண்டாம், கால் கிலோ போடுங்கள். நான் போன வாரம் ஒரு கிலோ போட்டது அதிகம் என்றுதான் இப்போது தோன்றுகிறது. வேலை மலைத்துப் போகிற அளவு ஆனால் ஒருத்தர் மேல் ஒருத்தர் எரிந்து விழத்தான் நேரம் இருக்கும்.

2 ஏப்ரல் 2025

நத்தத்திலிருந்து அம்மா மாவடு கொடுத்துவிட்டிருக்கிறார்கள், இரண்டு கிலோ. காம்போடு, கோலிக் குண்டை விடக் கொஞ்சம் பெரியது. காம்பு ஒடிந்ததைச் சின்னவள் தனியாகப் பொறுக்கினாள், அவை சீக்கிரம் அழுகும்.

கழுவித் துடைத்து, ஈரம் போனதும் விளக்கெண்ணெய் கொஞ்சம் தடவிக் கல் உப்பு, மஞ்சள் தூள் போட்டு ஜாடியில் அடைத்தோம். மூன்றாம் நாள் உப்புத் தண்ணீர் விட்டு வடு சுருங்க ஆரம்பிக்கும். அந்தத் தண்ணீரிலேயே மிளகாய்ப் பொடியும் கடுகுப் பொடியும் கலக்க வேண்டும். தினம் ஒரு தடவை ஜாடியைக் குலுக்க வேண்டும்.

குலுக்குவது சின்னவள் வேலை. ஜாடி கனம், அவளால் தனியாக முடியாது, பெரியவனைக் கூப்பிடுவாள். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆட்டுகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம்தான், ஆனால் தினம் நடக்கிறது.

3 ஏப்ரல் 2025

உப்பு எவ்வளவு என்று எழுதாமல் விட்டது என் தப்பு. எட்டுக்கு ஒன்று. ஒரு கிலோ வடுவுக்கு 125 முதல் 150 கிராம் கல் உப்பு. குறைந்தால் ஜாடியே கெட்டுப்போகும். ஈரக் கை படக் கூடாது.

6 ஏப்ரல் 2025, ஞாயிறு

இன்றைக்கு இரண்டாவது முறை வத்தல். அரைக் கிலோதான். இந்தத் தடவை மாடிக்குப் போகவில்லை.

போன தடவை மாடியில் நாங்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் அத்தைக்குக் கீழே கேட்டிருக்கிறது. பெரியவன் தட்டோடு இறங்கும்போதெல்லாம் படிக்கட்டு முனையில் நின்றுகொண்டிருந்தார்களாம். அவன்தான் இதை என்னிடம் சொன்னான், "அப்பத்தா பாவம்மா." நான் பதம் கேட்டு அனுப்பினேனே தவிர இதை நினைக்கவில்லை.

வாசலில் நார்க்கட்டிலைப் போட்டு மேலே வேட்டி விரித்துப் பிழிந்தோம். பன்னிரண்டு மணிக்கு மேல் எதிர் வீட்டு நிழல் விழுந்துவிடும், மூன்று நாளில் காய்வது ஐந்து நாள் ஆகும். ஆகட்டும். அத்தை திண்ணையில் கையில் குச்சியோடு உட்கார்ந்துகொண்டார்கள். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு கை பிழிந்துவிட்டுப் போனார். எதிர் வீட்டுத் தாத்தா தன் அம்மா கத்தரி வத்தல் போட்ட கதையை ஆரம்பித்தார், முடியவே இல்லை.

பத்து மணிக்குச் சின்னவள் கத்தினாள், "அம்மா, பருந்து!" வேப்ப மரத்துக்குள் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளி புள்ளியாக ஒரு பறவை பதுங்கியது, இரண்டு காக்கை துரத்திக்கொண்டு வந்தன. யாருக்கும் பெயர் தெரியவில்லை. பெரியவன் போனில் தேடிச் சொன்னான், அது பெண் குயில். கறுப்பாக இருப்பதும் 'கூ... கூ' என்று கூவுவதும் ஆண். பெண் குயில் காக்கைக் கூட்டில்தான் முட்டையிடும், அதனால்தான் காக்கைக்கு அதன் மேல் அத்தனை கோபம். நாற்பது வருஷமாகக் குயில் சத்தம் கேட்கிறேன், பெண் குயிலைப் பார்த்தது இன்றைக்குத்தான்.

போன் கூடாது என்ற சட்டத்தை எடுத்துவிட்டேன். அது கையில் இருந்ததால்தானே அந்தப் பறவை யாரென்று தெரிந்தது.

14 ஏப்ரல் 2025

வருஷப் பிறப்பு. விசுவாவசு.

நேற்று இரவு தெரு முனை வேம்பின் அடியில் பழைய சேலையை விரித்துவிட்டு வந்தோம். வெள்ளெனவே போய்ப் பார்த்தால் சேலை நிறையப் பூ. குச்சி, தூசி எல்லாம் அத்தை சுளகில் புடைத்து எடுத்தார்கள். கொஞ்சம் இன்றைக்குப் பச்சடிக்கு, மீதி காயவைத்து ரசத்துக்கு. மாங்காய், வெல்லம், வேப்பம்பூ, மிளகாய், ஒரு கல் உப்பு. சின்னவள் பூவை மட்டும் பொறுக்கி அண்ணன் இலையில் வைத்தாள்.

27 ஏப்ரல் 2025

நத்தத்தில் இருக்கிறோம். முழுப் பரீட்சை முடிந்துவிட்டது.

நுங்கு வந்துவிட்டது. என் அப்பா (பிள்ளைகளுக்குத் தாத்தா) சீவிக் கொடுக்க, பெருவிரலால் குத்தி உறிஞ்சினோம். தின்று முடித்த இரண்டு நுங்குக் கூட்டை எடுத்துக் குறுக்கே ஒரு குச்சி செருகி, கவட்டை உள்ள நீளக் குச்சியால் தள்ளினால் நுங்கு வண்டி. இதைச் செய்து காட்டியது என் வீட்டுக்காரர். இத்தனை வருஷத்தில் என் அப்பாவும் அவரும் நாலு வார்த்தைக்கு மேல் பேசிக்கொண்டதை நான் பார்த்ததில்லை. அச்சுக் குச்சி வழுவழுப்பாக இருக்க வேண்டுமா, முனையில் ஆணி வைக்க வேண்டுமா என்று இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் வாதாடினார்கள். சக்கரம் கழன்றுவிடாமல் இருக்க அப்பா சொன்னபடி குச்சியின் இரண்டு முனையிலும் காடி வெட்டியது நன்றாக நின்றது.

11 மே 2025

எதிர்சேவைக்குப் போய்விட்டு வந்தோம். கள்ளழகர் நேற்றுச் சாயங்காலம் அழகர்கோவிலிலிருந்து புறப்பட்டார், இன்றைக்குக் காலையில் மூன்றுமாவடியில் எதிர்கொண்டு அழைத்தார்கள். "மூணு மாவடுவா? நம்ம ஜாடியில நூறு இருக்கே" என்றாள் சின்னவள்.

கருப்பசாமி வேஷம் கட்டியவர்கள் தோல் பையில் தண்ணீர் பீய்ச்சி வெக்கையை ஆற்றுகிறார்கள். எல்லா மண்டகப்படியிலும் (சாமி நின்று போகிற இடங்கள்) பானகமும் நீர்மோரும். பெண்கள் சொம்பில் சர்க்கரை நிரப்பி மேலே தீபம் ஏற்றிப் பிடிக்கிறார்கள். அத்தைக்கும் ஒரு சொம்பு கொண்டுபோயிருந்தோம். தள்ளுவண்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயர்த்திப் பிடித்தார்கள். கை நடுங்கியது, பெரியவன் முழங்கையைத் தாங்கிக்கொண்டான்.

நாளை விடியலில் வைகை ஆற்றில் இறங்குவார். பச்சைப் பட்டு உடுத்தி இறங்கினால் நாடு செழிக்கும் என்று நம்பிக்கை, இன்றைக்கு ஊர் முழுக்க அந்தப் பேச்சுதான். வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருந்தால் ஆற்றுக்குப் போகாதீர்கள், நெரிசல் பயமாக இருக்கும். எதிர்சேவையோ, ஏதாவது ஒரு மண்டகப்படியோ போதும். பிள்ளை கையில் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

12 மே 2025

வீட்டுக்காரர் சொல்கிறார், நான் எழுதியதைப் படித்தால் எங்கள் வீட்டில் சண்டையே இல்லாதது மாதிரி இருக்கிறதாம். உண்டு. எதிர்சேவைக்குப் புறப்படும்போது செருப்பு எங்கே, சொம்பு எங்கே என்று நான் போட்ட சத்தத்தில் சின்னவள் அழுதாள். வண்டியில் பாதி வழி யாரும் பேசவில்லை. தல்லாகுளம் வந்த பிறகுதான் சரியானது.

8 ஜூன் 2025

பால்கனியில் மோர் மிளகாய் போட்ட வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா தினமும் காலையில் மிளகாயை எண்ணிப் பார்த்துத் தட்டில் வைக்கிறாராம். எண்ணத் தேவையில்லை, ஆனால் எண்ணட்டும். பூஞ்சை பிடித்தது என்றால் தயிரில் உப்பு குறைவு, அல்லது நிழலில் காய்ந்திருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், கழுவித் திரும்பப் போட வேண்டாம்.

பெரியவனைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது. ஒன்பதாவது. டப்பா காலியாகத்தான் வருகிறது. "ஸ்கூல் எப்படிப் போச்சு" என்று கேட்பதை விட்டுவிட்டேன். நாளைக்கு இரண்டு கிலோ குண்டு மிளகாய் வாங்கப் போகிறேன். வீட்டில் போன வருஷத்து மோர் மிளகாயே ஒரு டப்பா மீதி இருக்கிறது. மிளகாய் கீறுவதற்கு இரண்டு பேர் உட்கார வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும்.